வண்டி வருவதற்கு முன்: கேரளத் தீயணைப்பு வரலாற்றில் அண்டை வீட்டார்

தீயணைப்பு நிலையத்தின் பதிவேடு அழைப்பு வந்த நேரத்திலிருந்து தொடங்குகிறது. தீப்பற்றிய கணத்திற்கும் வண்டி வந்து நின்ற கணத்திற்கும் இடையே நடந்தவை பெரும்பாலும் அதில் ஏறுவதில்லை. அந்த இடைவெளியில் கிணற்றிலிருந்து நீர் இறைத்தவர், மின்னிணைப்பைத் துண்டித்தவர், முதியவரைத் தோளில் சுமந்து வெளியேறியவர் ஆகிய அனைவரும் ‘உள்ளூர் மக்கள்’ என்னும் ஒரே சொல்லுக்குள் ஒடுங்கிவிடுகின்றனர். கேரளத் தீயணைப்பின் வரலாற்றை ஒரு துறையின் வரலாறாக மட்டும் எழுதினால் அதன் முதற்பகுதி விடுபட்டுப்போகும் என்பதே இப்பதிவின் கருத்து. அண்மைக் காலத்தில் உள்ளூர்த் தன்னார்வலர்க்கு அளிக்கப்பட்டுவரும் பயிற்சியை, அந்த விடுபட்ட பகுதியை அரசு தாமதமாகவேனும் ஏற்றுக்கொண்டதன் அடையாளமாகக் கொள்ளலாம்.

இந்தியாவில் தீயணைப்புப் படை நகரத்தின் குழந்தை. துறைமுகம், பண்டகசாலை, கடைத்தெரு ஆகியவற்றைக் காப்பதற்காகவே அது தோன்றியது. சென்னையில் 1908இல் தீயணைப்புப் பணி தொடங்கியது. அதன் விரிவுக்கு இரண்டாம் உலகப் போரின் வான்தாக்குதல் அச்சம் பெருந்தூண்டுதலாயிற்று. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்தும் பருத்தியும் ஏற்றிவந்த கப்பல் வெடித்தபோது 66 தீயணைப்பு வீரர்கள் மாண்டனர். தேசிய தீயணைப்புப் பணி நாள் இன்றும் அத்தேதியிலேயே கடைப்பிடிக்கப்படுகிறது. நம் நினைவேந்தல் நாளும் ஒரு மாநகரத் துறைமுகத்திலிருந்தே வந்தது என்பதைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலமாகக் கேரளம் அமைந்தபோது, தெற்கே தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்திற்குச் சென்றன. சென்னையின் ஆட்சியிலிருந்த மலபார் கேரளத்தோடு இணைந்தது. இவ்வாறு வெவ்வேறு நிர்வாக மரபுகள் திருவனந்தபுரத்தின் கீழ் ஒன்றுசேர்ந்தன. தொடக்க ஆண்டுகளில் தீயணைப்பு, காவல்துறையின் ஒரு பிரிவாகவே இயங்கியது. 1962ஆம் ஆண்டுத் தீயணைப்புப் படைச் சட்டத்தின் பின்னர், 1963இல் அது தனித்துறையாயிற்று. தேவை ஏற்படின் தன்னார்வலரைச் சேர்த்துத் துணைப்படை அமைப்பதற்கும் அச்சட்டம் இடமளித்தது. எனவே, உள்ளூர் மனிதரைப் பணியில் இணைக்கும் எண்ணம் புதியதன்று. சட்டப் புத்தகத்தில் அது நெடுங்காலம் உறங்கிக் கிடந்தது.

அரசமைப்பும் இந்த நகரச் சார்பை உறுதிப்படுத்தியது. 74ஆம் திருத்தத்தின்வழிச் சேர்க்கப்பட்ட பன்னிரண்டாம் அட்டவணை, நகராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 18 பணிகளுள் ஒன்றாகத் தீயணைப்பைக் குறிப்பிடுகிறது. 73ஆம் திருத்தத்தின்வழி வந்த பதினோராம் அட்டவணை ஊராட்சிகளுக்கு 29 பொருள்களைத் தருகிறது. நூலகம், கால்நடை, எரிபொருள், தீவனம் எல்லாம் அதில் உண்டு, தீயணைப்பு இல்லை. கேரளத்தில் இப்பணி மாநிலத் துறையிடம் இருப்பதால் நடைமுறையில் இவ்வேறுபாடு உடனே புலப்படுவதில்லை. ஆயினும் கிராமத்துத் தீயை எவருடைய பொறுப்பாகவும் எண்ணாத ஒரு சிந்தனை அங்கே வெளிப்படுகிறது.

கேரளத்தின் குடியிருப்பு முறையோ அச்சிந்தனைக்குச் சற்றும் பொருந்தாதது. இங்கு வீடுகள் நெருக்கமான தெருக்களாக அமையாமல் தனித்தனி வளாகங்களாகச் சிதறிக் கிடக்கின்றன. வளாகந்தோறும் ஒரு கிணறு. கிணற்றுக்குச் செல்ல ஒற்றையடிப் பாதை. கோடையில் காய்ந்த புல், ரப்பர்த் தாள்களை உலர்த்தும் புகைக்கூடம், கொப்பரைக் களம், கோயில் வாணவேடிக்கை என ஆபத்துகளும் பரவலாகவே உள்ளன. பெரிய நீர்வண்டி நுழைய முடியாத பாதைகளே கிராமப்புறத்தில் மிகுதி. மழைக்காலத்திலோ சாலையே அற்றுப்போகும். 2001 நவம்பர் 9 இரவு திருவனந்தபுரம் மாவட்டத்தின் கிழக்கு விளிம்பிலுள்ள அம்பூரியில் மலைச்சரிவு ஏறத்தாழ 40 உயிர்களைக் கொண்டுசென்றது. 2020 ஆகஸ்டு 6 இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் தமிழ்த் தேயிலைத் தொழிலாளரின் குடியிருப்பு வரிசைகள் மண்ணில் புதையுண்டு 70 பேர் மறைந்தனர். தகவல்தொடர்பு அற்றிருந்ததால் செய்தி வெளியுலகை எட்டவே மறுநாள் காலையாயிற்று. அந்த இருள் முழுவதும் மண்ணைத் தோண்டுவதற்கு அங்கிருந்தவை எஞ்சிய தொழிலாளரின் கைகளே.

அண்டை வீட்டார் முதலில் வருவர் என்பது இயற்கை. அவர் அறிந்து வருகிறாரா என்பதே கேள்வி. பயிற்சியற்ற துணிவு எவ்வளவு கொடிய விலை கேட்கும் என்பதற்கு நம் இரு மாநிலங்களும் சான்று. 2015 நவம்பரில் கோழிக்கோட்டில் பாதாளச் சாக்கடைக்குள் மூச்சுத்திணறிய இரு தொழிலாளரைக் காக்க இறங்கிய ஆட்டோ ஓட்டுநர் ஒருவர், அவ்விருவரோடு தாமும் உயிர்நீத்தார். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தில் மடிந்தவருள் பலர் அவ்வாலையின் தொழிலாளர் அல்லர். முதல் வெடிப்பின் ஒலி கேட்டுச் சுற்றுப்புறத்திலிருந்து ஓடிவந்தவர்கள். காற்றற்ற குழிக்குள் கயிறும் சுவாசக் கருவியும் இன்றி இறங்கலாகாது, வெடிமருந்துக் கிடங்கினின்று முதலில் விலக வேண்டும் என்பவை ஒரே நாளில் கற்பிக்கத்தக்க பாடங்கள். கற்பிக்காமல் விட்டது சமூகத்தின் குறை, இறந்தவரின் குறையன்று.

2018ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் இப்பார்வையை மாற்றியது. கடலோர மீனவர் 669 படகுகளைக் கொண்டுவந்து ஏறத்தாழ 65,000 பேரை மீட்டனர் என்று கணக்கிடப்பட்டது. அவர்களை வெறுமனே துணிச்சல்காரர் என்று புகழ்வது பாதி உண்மையே. நீரோட்டத்தை அறிதல், படகைக் கட்டுப்படுத்தல், கூட்டாக இயங்குதல் ஆகியவை தலைமுறைகளாகச் சேர்ந்த தொழிலறிவு. ஓர் ஊரின் அறிவைப் பேரிடருக்கு முன்பே இனங்கண்டு ஒழுங்குபடுத்த முடியுமா என்ற வினாவை அவ்வெள்ளம் எழுப்பியது.

அடுத்த ஆண்டே குடிமைப் பாதுகாப்புப் படையைத் தீயணைப்பு நிலையங்களோடு இணைத்து அமைக்க அரசு முடிவுசெய்தது. 124 நிலையங்கள், நிலையத்திற்கு 50 பேர், ஆக 6,200 தன்னார்வலர் என்பது அதன் வடிவம். நிலையத்திலும் மாவட்ட அளவிலும் திருச்சூர் விய்யூரிலுள்ள துறையின் பயிற்சி அகாதெமியிலும் பயிற்சி திட்டமிடப்பட்டது. முடிச்சுகள், முதலுதவி, இதய இயக்க மீட்பு, தீயணைப்பான் பயன்பாடு, கிணற்று மீட்பு, கூட்டத்தைக் கட்டுப்படுத்தல் ஆகியவை இத்தகைய பயிற்சியின் உள்ளடக்கம். 2020 தொடக்கத்தில், 3,40,000 பேரை இலக்காகக் கொண்டு சமூக சன்னத்த சேனையும் அறிவிக்கப்பட்டது. பதிவேட்டில் உள்ள பெயர் வேறு, பயின்ற கை வேறு என்பதை இவ்விரு எண்களையும் அருகருகே வைத்து ஆய்வாளர் சிந்திக்கலாம். 2023 மார்ச் 2 அன்று கொச்சி பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் மூண்ட தீ பத்து நாள்களுக்கும் மேலாகப் புகைந்தபோது, துறையினரோடு குடிமைப் பாதுகாப்புத் தன்னார்வலரும் அந்நச்சுப் புகையினூடே நின்றனர்.

உலக வரலாறு இங்கு ஓர் ஒப்பீட்டைத் தருகிறது. பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்கிளின் 1736இல் தொடங்கியது அண்டை வீட்டார் சங்கமே. சிலி நாட்டில் 1851இல் வால்பரைசோவில் தோன்றிய தன்னார்வத் தீயணைப்பு மரபு இன்றுவரை தொடர்கிறது. அங்கெல்லாம் தன்னார்வலரே படையை உருவாக்கினர். நம்மிடமோ படை முதலில் வந்தது. தன்னார்வலர் அதன் விருந்தினராகப் பின்னர் அழைக்கப்பட்டனர். அவ்வழைப்பின் சட்ட அடிப்படையும் போரிலிருந்தே வந்தது: 1968ஆம் ஆண்டுக் குடிமைப் பாதுகாப்புச் சட்டம் பகைநாட்டுத் தாக்குதலை மனத்திற்கொண்டு இயற்றப்பட்டது, பேரிடர் மேலாண்மை அதன் எல்லைக்குள் வந்தது 2010ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின்னரே.

விருந்தினர் என்னும் நிலையே இன்றைய சிக்கல். 2020 பிப்ரவரியில் திருச்சூர் மாவட்டம் தேசமங்கலம் பகுதிக் காட்டுத்தீயில் வனக்காவல் பணியாளர் மூவர் மாண்டனர். 2023 மே மாதம் திருவனந்தபுரம் கின்ஃப்ரா பூங்காவில் மருந்துக் கிடங்குத் தீயை அணைக்கும்போது சுவர் இடிந்து தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். பயின்றவர்க்கும் இப்பணி இத்தகையது என்றால், ஊதியமின்றி வருபவர்க்கு நாம் தர வேண்டியது பாராட்டுச் சான்றிதழ் மட்டுமன்று. காலணி, தலைக்கவசம், கயிறு, ஆண்டுதோறும் மீள்பயிற்சி, காயமுற்றால் மருத்துவம், இறந்தால் குடும்பத்திற்குக் காப்பு ஆகியவை சலுகையாக இல்லாமல் உரிமையாக எழுதப்பட வேண்டும். மாநிலத் தீயணைப்புப் பணிகளின் விரிவாக்கத்திற்கும் நவீனமயத்திற்கும் ஒன்றிய அரசு 2023இல் 5,000 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது. வண்டிகளுக்கும் கட்டடங்களுக்கும் செல்லும் கவனத்தில் ஒரு பங்கு, வண்டி புக முடியாத ஒற்றையடிப் பாதையின் முனையில் நிற்பவருக்கும் உரியது.

ஆய்வு மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். செங்கல்சூளை நிலையம் முதல் மலையோர நிலையங்கள்வரை பழைய நிகழ்வுப் பதிவேடுகள் அழியுமுன் படிக்கப்பட வேண்டும். அவற்றோடு அம்பூரியிலும் மூணாற்றுத் தோட்டக் குடியிருப்புகளிலும் முதலில் ஓடிச் சென்றவரின் வாய்மொழியும் அவர்தம் மொழியிலேயே, தமிழாயினும் மலையாளமாயினும், பதிவாக வேண்டும். அழைப்பு வருவதற்கு முந்தைய நிமிடங்களை அறிந்தவர் அவர்களே. அவர்கள் என்ன செய்தனர், எதை அறியாததால் எவரை இழந்தனர் என்பது தெரிந்தால்தான் அடுத்த பயிற்சியில் எதைக் கற்பிக்க வேண்டும் என்பதும் தெரியும்.