பழவேற்காட்டுக் குப்பங்களில் தாய்சேய் ஊட்டச்சத்து உதவி

திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டத்தில் பழவேற்காடு ஏரியையும் வங்கக் கடலையும் ஒட்டி மீனவர், இருளர் குடியிருப்புகள் உள்ளன. அங்குள்ள கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் ஆகியோருக்கு அரசு உணவாகவும் பணமாகவும் தரும் உதவிகளை இக்கட்டுரை விவரிக்கிறது. இவை அங்கன்வாடி, ஆரம்ப சுகாதார நிலையம், நியாயவிலைக் கடை என்ற மூன்று வாசல்கள் வழியே வருகின்றன. இவ்வூர்களுக்கென்று தனித் திட்டம் எதுவும் கிடையாது. மாநிலம் முழுவதற்கும் உள்ளவைதாம் இங்கும் நடக்கின்றன. அவை நிலையான முகவரியும் சீரான வருமானமும் உள்ள குடும்பத்தை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டவை. ஏரியின் ஏற்றவற்றத்தோடு வருமானமும் ஏறி இறங்கும் குப்பங்களில் அவற்றின் பலமும் ஓட்டையும் ஒருசேரத் தெரிகின்றன.

ஏரியும் அடுப்பும்

பழவேற்காடு, சில்கா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. இதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டிலும் கிடக்கிறது. ஆரணி ஆறும் காளங்கி ஆறும் நன்னீரைக் கொண்டுவருகின்றன. முகத்துவாரம் வழியே கடல்நீர் உள்ளே வருகிறது. கோடையில் முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோனால் ஏரி சுருங்கி உப்பு ஏறும், இறால் வரத்துக் குறையும். ஐப்பசி, கார்த்திகையில் புயலும் கொந்தளிப்பும் கடலுக்குப் போகவிடாது. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாள்களிலும் கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவிப்பு வரும்.

ஏரிக்குள் மீன்பிடிப்பு காலங்காலமாகப் ‘பாடு’ முறையில் நடந்துவருகிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள் சுத்து வலை போடும் இடங்களைத் தமக்குள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். முறை வரும் நாளில் பணம் வரும், வராத நாளில் கடன் வரும். இருளர் பெண்களும் ஆண்களும் இடுப்பளவு நீரில் நின்று கையாலேயே துழாவி இறால் பிடிக்கிறார்கள். அவர்களிடம் வலையும் இல்லை, பாடும் இல்லை.

மீன் பிடிக்கும் ஊரில் புரதத்துக்கு என்ன குறை என்று வெளியூர்க்காரர் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதுதான், ஆனால் மீன் போகும் வழியை அது பார்க்கவில்லை. வெள்ளை இறாலும் கழி நண்டும் ஏலத்தில் போய், குளிர்பெட்டியிலோ உயிரோடோ ஏற்றுமதிக்குச் செல்கின்றன. மடவையும் கிழங்கானும் பொன்னேரிக்கும் சென்னைக்கும் போகும். வீட்டுச் சட்டிக்கு மிஞ்சுவது காரப்பொடி, நெத்திலி, கொஞ்சம் கருவாடு. மீன் விற்ற காசில் அரிசி வாங்கும் வீட்டில், வரத்துக் குறைந்த வாரம் மீனும் இல்லை, காய்கறி வாங்கக் காசும் இல்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கப் பால்சுறாவைப் புட்டாகச் செய்து கொடுக்கும் வழக்கம் கடற்கரையெங்கும் உண்டு. அதுவும் சுறா வலையில் விழுந்த நாளில்தான்.

முன்வரலாறு

சென்னை மாநகராட்சி 1920-இல் தன் பள்ளியொன்றில் தொடங்கிய மதிய உணவும், காமராசர் ஆட்சியில் 1950-களில் மாநிலமெங்கும் பரவிய மதிய உணவும் பள்ளிக்கு வரும் பிள்ளைகளை மட்டுமே எட்டின. பள்ளி வயதுக்கு முந்தைய குழந்தையும் வயிற்றில் இருக்கும் குழந்தையும் அரசின் கணக்கில் வந்தது பிற்பாடுதான். 1975 அக்டோபர் 2 அன்று நாட்டில் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கியது. அங்கன்வாடி என்ற பெயர் அதோடு வந்தது. குப்பத்தில் இன்னும் ‘பால்வாடி’ என்றே சொல்கிறார்கள்.

தமிழ்நாட்டுக்கே உரிய முயற்சி ஒன்று 1980-இல் உலக வங்கிக் கடனுதவியோடு மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் தொடங்கியது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் என்ற அதில் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டார்கள். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் குறைந்தது 90 நாள் சத்துருண்டை கொடுத்து, தேறியதும் நிறுத்தினார்கள். எல்லோருக்கும் சோறு என்பதற்கு நேர்மாறான வழி இது. செலவு குறைவு, கணக்குத் துல்லியம். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டமோ எடை பார்க்கவில்லை, பசியைப் பார்த்தது. ஊர்ப்புறத்தில் இரண்டு வயது நிரம்பிய குழந்தையும் தட்டோடு வந்து உட்காரலாம் என்றது. இரண்டு வழிகளும் பின்னர் அங்கன்வாடி என்ற ஒரே கூரையின்கீழ் சேர்ந்தன. பல மாநிலங்களில் சூடான மதிய உணவு மூன்று வயதில் தொடங்க, தமிழ்நாட்டில் இரண்டு வயதிலேயே தொடங்குவது 1982-இன் எச்சம். விடியலில் ஏலத்துக்குப் போகிற மீன்காரம்மாவுக்கு இந்த ஓராண்டு பெரிய விஷயம்.

இன்று கிடைப்பவை

மாநிலத்தில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன. மத்திய அரசின் அளவுகோல்படி ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை நாளொன்றுக்கு 500 கலோரியும் 12 முதல் 15 கிராம் புரதமும், கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 600 கலோரியும் 18 முதல் 20 கிராம் புரதமும் கூடுதலாகத் தரப்பட வேண்டும். கடும் மெலிவுள்ள குழந்தைக்கு 800 கலோரி. 2013-ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் இதை உரிமையாக்கியது.

நடைமுறையில் இது சத்துமாவுப் பாக்கெட்டாக வீட்டுக்கு வருகிறது. கோதுமை, முளைகட்டிய கேழ்வரகு, கடலை, வெல்லம் ஆகியவற்றோடு வைட்டமினும் தாது உப்பும் சேர்த்த மாவு இது. மகளிர் கூட்டுறவுச் சங்கங்கள் தயாரிக்கின்றன. கஞ்சியாகவும் உருண்டையாகவும் சாப்பிடலாம். இலங்கையில் 1970-களிலிருந்து தாய்சேய் சிகிச்சை நிலையங்களில் தரப்படும் திரிபோஷா இதற்கு ஒன்றுவிட்ட சகோதரி. வீட்டுக்குக் கொண்டுபோகும் மாவு தாய்க்கு மட்டும் போவதில்லை, பெரிய பிள்ளைகளுக்கும் பங்காகிவிடும். இதைத் தாயின் அலட்சியம் என்று எழுதும் அறிக்கைகள், ஒரே அடுப்பில் சமைக்கும் வீட்டை அறியாதவை. இரண்டு வயது நிரம்பிய குழந்தைக்கு மையத்திலேயே மதிய உணவும் வாரம் மூன்று முட்டையும் உண்டு. முட்டையில்லா நாள்களில் பயறோ உருளைக்கிழங்கோ சேரும்.

இரண்டாம் வாசல் பழவேற்காட்டு ஆரம்ப சுகாதார நிலையமும் அதன் கிராம சுகாதார செவிலியரும். கருவுற்றதைப் பதிந்ததும் கிடைக்கும் ‘பிக்மி நம்பர்’தான் எல்லாவற்றுக்கும் திறவுகோல். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 1987-இல் சில நூறு ரூபாயோடு தொடங்கியது. 2006-இல் 6,000 ரூபாயும் 2011-இல் 12,000 ரூபாயும் 2018-இல் 18,000 ரூபாயுமாக உயர்ந்தது. 18,000-இல் 4,000 ரூபாய், தலா 2,000 மதிப்புள்ள இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாக வரும். பேரீச்சை, நெய், சத்துமாவு, இரும்புச்சத்து மருந்து, குடற்புழு மாத்திரை முதலியன அதில் இருக்கும். எஞ்சிய 14,000 தவணைகளாக வங்கிக் கணக்கில் விழும். மத்திய அரசு 2017-இல் தொடங்கிய பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டத் தொகையும் இதனோடு இணைக்கப்பட்டது. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள, 19 வயது நிரம்பிய தாய்க்கு முதல் இரண்டு பேறுகளுக்கு மட்டுமே இந்த மகப்பேறு நிதியுதவி.

2022-இல் நீலகிரியில் தொடங்கிய ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டம் மெலிந்த குழந்தைகளைத் தேடிப் பிடித்துச் சிகிச்சை உணவு தருகிறது. 2024 நவம்பரில் அரியலூரில் அதன் இரண்டாம் கட்டம் தொடங்கியபோது, ஆறு மாதத்துக்கு உட்பட்ட மெலிந்த சிசுக்களின் தாய்மாருக்கும் பெட்டகம் வந்தது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு உணவு தாய் வழியேதான் போகும் என்ற எளிய உண்மையை ஏற்றுக்கொண்ட திட்டம் இது.

மூன்றாம் வாசலான நியாயவிலைக் கடையில் 2011 ஜூன் முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்கால நிவாரணமும், மீனவ மகளிர் 1,500 ரூபாய் செலுத்தி 4,500 ரூபாயாகத் திரும்பப் பெறும் சேமிப்பு நிவாரணமும் உணவுத் திட்டங்கள் அல்ல. ஆனாலும் வரவில்லாத மாதத்தில் அடுப்பெரிய வைப்பதால் இவற்றையும் இங்கே சேர்க்க வேண்டும்.

எட்டாத இடங்கள்

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பேறுகள் மருத்துவமனையில் நிகழ்கின்றன. அதே ஆய்வில் ஐந்து வயதுக்கு உட்பட்டோரில் 25 விழுக்காட்டினர் உயரக் குறைவுள்ளவர்கள், 14.6 விழுக்காட்டினர் மெலிந்தவர்கள், கர்ப்பிணிகளில் 48.3 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. பிரசவ அறை வரை கொண்டுபோய்ச் சேர்த்த மாநிலம் சாப்பாட்டுத் தட்டில் இன்னும் பாதி வழியில்தான் நிற்கிறது.

இருளர் குடும்பங்களில் இந்த இடைவெளி கூடுதல். ஆதார், வங்கிக் கணக்கு ஆகியவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் மகப்பேறு நிதியின் ஒரு தவணை நின்றுபோகும். தடைக்கால நிவாரணம் கடல் மீனவக் குடும்பங்களுக்கு உரியது. ஏரியில் கைவிட்டுத் துழாவுபவர் அந்தப் பட்டியலுக்கு வெளியே. 19 வயதுக்கு முன் தாயாகிறவளுக்கு மகப்பேறு நிதி இல்லை. இளவயது மணத்தைத் தடுக்கும் நோக்கம் சரியானதே. எனினும் உடல் முதிராமல் கருவுற்றவளுக்கே உணவு அதிகம் தேவை; தண்டனை அவள் வயிற்றின்மீது விழுவதை இத்திட்டத்தின் மிகப் பெரிய குறையாகச் சொல்லலாம். 2025 ஜூலை முதல் வீட்டுக்குத் தரும் உணவைப் பெற, தாயின் முகத்தைச் செல்பேசிச் செயலியில் ஒப்பிட்டுப் பார்க்கும் முறையும் வந்திருக்கிறது. கூடையோடு சந்தையில் இருப்பவள் மையத்துக்கும் நேரில் வந்து நிற்க வேண்டும்.

இன்னொன்று, பொன்னேரியில் அரசு மீன்வளக் கல்லூரியே இருக்கிறது. ஆனாலும் ஏரிக்கரை அங்கன்வாடியின் உணவுப் பட்டியலில் மீன் இல்லை. அமெரிக்காவில் 1970-களில் தொடங்கிய ஏழைத் தாய்சேய் உணவுத் திட்டத்தில், முழுமையாகத் தாய்ப்பால் ஊட்டும் தாய்க்கு டின் மீன் உண்டு. கெட்டுப்போகும் பண்டம் என்ற தயக்கம் புரிகிறது. நெத்திலிக் கருவாட்டுப் பொடிக்கு அந்தத் தயக்கம் பொருந்தாது.

உரிமை

அங்கன்வாடி உணவுக்கு வருமானச் சான்றோ சாதிச் சான்றோ தேவையில்லை. ஆறு வயதுக்கு உட்பட்ட 40 குழந்தைகளாவது உள்ள குடியிருப்பில் மையம் இல்லையென்றால், மக்கள் கேட்ட மூன்று மாதத்துக்குள் அமைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பரில் உத்தரவிட்டது. சிறிய குடியிருப்புகளுக்குக் குறு அங்கன்வாடி விதியும் உண்டு. குப்பத்தார் மனு எழுதி, மாவட்டத் திட்ட அலுவலரிடம் ஒப்புகைச் சீட்டோடு கொடுத்தால் போதும்.