காடு யாருக்காக?

ஊவாவின் காடுகளைக் காக்க வேண்டும் என்பதில் நமக்குள் பேதமில்லை. யாரிடமிருந்து காப்பது, யாரைக் கொண்டு காப்பது என்பதே கேள்வி.

பதுளையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த மேஜர் றோஜர்ஸ் 1,400 யானைகளுக்குமேல் சுட்டு வீழ்த்தினார் என்பர். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். யானையைக் கொன்றோருக்கு அந்நூற்றாண்டில் அரசே சன்மானம் வழங்கியது. 1840ஆம் ஆண்டின் காணிச் சட்டமோ காடுகளை முடிக்குரியனவாக்கிற்று. மலைக்காடுகள் கோப்பித் தோட்டங்களாயின.

விலங்குகள் அருகியபோது, 1894இல், தோட்டத் துரைமாரும் வேட்டைப்பிரியர்களும் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தை அமைத்தனர். ஊவாவின் தென்கோடியை அடுத்த யாலவில் 1900இல் காப்பிடம் உருவாயிற்று. அதனருகே துரைமாரின் வேட்டைக்கெனவும் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. துரை சுட்டால் பொழுதுபோக்கு. குடியானவன் சுட்டால் களவு! 1938இல் யால தேசியப் பூங்காவாயிற்று. இத்தகைய சட்டங்கள் இன்றேல் எஞ்சிய காடும் அழிந்திருக்கும் என்பதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் 1983இல் மதுறு ஓயாப் பூங்கா பிறந்தபோது, அக்காட்டில் வாழ்ந்துவந்த வேடர் குடும்பங்கள் எனானிகலைக்குப் பெயர்க்கப்பட்டன. தம்பானைத் தலைவர் திசாகாமி அசைய மறுத்தார். தேனும் கிழங்கும் தேடியவர்களா காட்டை அழித்தனர்?

மனிதரை வெளியேற்றிக் காப்பது ஒருவழி. அங்கு வாழ்வோரையே காவலராக்குவது மறுவழி. காட்டோரத்து வேடரும், கிராமத்து உழவரும், லயத்துத் தொழிலாளரும் உரிமையோடு பங்கேற்கும் காவலே நிலைக்கும். உரிமையற்றவனிடம் பொறுப்பை மட்டும் கேட்பது நீதியன்று.