எதிர்க்கடை

  

டொராண்டோ வந்த முதல் குளிர்காலத்துல ஒரு பூட்ஸ் வாங்கினேன். ரெண்டே நாள்ல குதிகால் புண்ணாயிடுச்சு. "பில் இருக்குல்ல, திருப்பிக் குடுத்துட்டு வாடா"ன்னான் ரூம்மேட். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' போர்டைப் பார்த்தே வளர்ந்தவன் நான். நாலு பொய் தயார் பண்ணிக்கிட்டுப் போனேன். கவுண்டர்ல இருந்த பொண்ணு ஒரு கேள்வி கேக்காம பணத்தைக் குடுத்துட்டாங்க. பொய்யெல்லாம் வீண் :-)

இந்தப் பழக்கம் எங்கேருந்து வந்ததுன்னு நூலகத்தில் தேடப் போய்த்தான் திமோத்தி ஈட்டன் கிடைத்தார். அயர்லாந்திலிருந்து வந்தவர். 1869-ல் யங் தெருவில் கடை போட்டார். அப்போது இங்கேயும் பேரமும் கடனும்தான். நம்ம ரங்கநாதன் தெரு பிளாட்பாரம் மாதிரி வச்சுக்குங்களேன். ஈட்டன் கடையில் ஒரே விலை, ரொக்கம் மட்டும். சாமான் பிடிக்கலைன்னா பணம் வாபஸ்.

மனுஷன் நல்லவர்தான், ஆனா தனியா இருந்திருந்தா இதெல்லாம் எத்தனை நாள் ஓடியிருக்குமோ தெரியாது. 1872-ல் ராபர்ட் சிம்ப்சன் டொராண்டோவில் கடை திறந்தார். கடைசியில் குயின் தெருவுக்கு வடக்கே ஈட்டன், தெற்கே சிம்ப்சன். ஒரு கடையில் முகம் சுளிச்சா வாடிக்கையாளர் ரோட்டைத் தாண்டினா போதும்!

இந்த ரோடுதான் ரெண்டு பேரையும் விரட்டியது. 1880களில் ஈட்டன் மின்விளக்கு போட்டார், லிஃப்ட் வைத்தார். 1884-ல் கேட்டலாக். பிற்பாடு அதைப் பார்த்து வீடு கட்டும் சாமான்களைக்கூட தபாலில் வரவழைத்தார்கள் மேற்கே இருந்த விவசாயிகள். சிம்ப்சன் 1894 டிசம்பரில் பெரிய கட்டடம் திறந்தார். மூணே மாசத்தில் எரிஞ்சு போச்சு. வேற ஆளா இருந்தா மூட்டை கட்டியிருப்பார். எட்மண்ட் பர்க் என்ற அதே கட்டடக் கலைஞரை வைத்து, எஃகுச் சட்டத்தைத் தீ தாங்கும்படி மூடி, 1896-ல் மறுபடி திறந்தார். அந்தக் கட்டடம் இன்னும் நிக்குது.

எல்லாம் பாலும் தேனும்னு நினைச்சுடாதீங்க. மலிவு விலைக்கு யாரோ கூலியில் குறைச்சுக்கணும் இல்லையா? 1912-ல் ஈட்டன் தொழிற்சாலையில், கோட்டுக்கு உள்துணியையும் கூடுதல் கூலி இல்லாமல் தைக்கச் சொன்னதால் தையல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெரும்பாலும் யூதர்கள், வந்தேறிகள், நம்மளை மாதிரி. தோத்துப் போனாங்க.

1930 வாக்கில் கனடாவின் டிபார்ட்மென்ட் ஸ்டோர் வியாபாரத்தில் பாதிக்கு மேல் ஈட்டன் கையில். அப்புறம் நாலு தலைமுறை. 1977-ல் ஈட்டன் சென்டர் திறந்தாச்சு. அடுத்த வருஷமே சிம்ப்சனை ஹட்சன்ஸ் பே வாங்கியது, 1991-ல் அந்தப் பேரையும் எடுத்தார்கள். ஈட்டன் வாரிசுகள் கடைகளில் காசு போடுவதைக் குறைத்துக்கொண்டார்கள். நூறு வருஷம் ஜன்னல் வழியா ஒரே எதிரியைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, 1994-ல் ஊருக்கு வெளியே கார் பார்க்கிங்கோடு வந்த வால்மார்ட் கண்ணில் படவில்லைன்னு நான் நினைக்கிறேன். 1997-ல் கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம். 1999-ல் திவால்.

பெரிய கடைகள் வரிசையாப் போச்சு. சியர்ஸ் 2018-ல். 1670-ல் பிறந்த ஹட்சன்ஸ் பே 2025-ல். சிம்ப்சன் கட்டடத்தில்தான் அவங்க குயின் தெருக் கடை. மூடும் விற்பனைக்கு நானும் போனேன். பாதி அலமாரி காலி, அலமாரிக்கே விலை ஒட்டியிருந்தது. ஒரு ஜோடி கையுறை எடுத்துக்கிட்டு வரிசையில் நின்னேன். அந்த விற்பனையில் வாங்கினா வாங்கினதுதான், திருப்பித் தர முடியாது.