பறியும் பையும்

ஓர் ஊரின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் கோட்டையைப் பற்றி எழுதுவார்கள், கொடியைப் பற்றி எழுதுவார்கள், எந்த ஆண்டில் யார் யாரை விரட்டினார்கள் என்று வரிசையாக எழுதுவார்கள். அந்த ஊர் ஜனங்கள் தங்கள் சாமான்களை எதில் கட்டி எடுத்துப் போனார்கள் என்பதை மட்டும் எழுத மாட்டார்கள். பழவேற்காட்டைப் பொறுத்தவரை இது பெரிய குறை என்பது என் அபிப்பிராயம். அந்த ஊரின் கதையில் பாதி, கட்டும் துணியிலும் முடையும் ஓலையிலும் இருக்கிறது.

சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தூரத்தில், கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஒதுங்கிக் கிடக்கும் ஊர் அது. ஏரி என்றால் நம் ஊர் மழைத்தண்ணீர் ஏரி அல்ல. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் உவர்நீர்க் காயல். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவில் இதுதான் பெரியது. அதன் பெரும் பகுதி ஆந்திர எல்லைக்குள் இருக்கிறது. கிழக்கே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு கடலை மறைத்துக்கொண்டு நிற்கிறது. ஆழம் அதிகமில்லை, பல இடங்களில் ஓர் ஆள் இறங்கி நடந்தே போகலாம்.

1610-ல் விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடபதியிடம் அனுமதி பெற்று டச்சுக்காரர்கள் இங்கே கடை விரித்தார்கள். 1613-ல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. 1690-ல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரையில் சோழமண்டலக் கரையில் அவர்களுடைய வியாபாரத்துக்கு இதுவே தலைநகர். இன்று கோட்டை இருந்த இடத்தில் மேடும் புதரும்தான். கல்லறைத் தோட்டத்து வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் மட்டும் வருகிறவர்களை வரவேற்கின்றன.

அவர்கள் வந்தது துணிக்காக. கிழக்கே தீவுகளில் மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க வேண்டுமானால், அங்கே சோழமண்டலத் துணிக்கு இருந்த மதிப்பே தனி. (துணியோடு மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். அந்தப் பாவத்துக்குத் தனிக் கட்டுரை வேண்டும்.) இந்தத் துணிகளில் கட்டம் போட்ட கைக்குட்டை ஒன்று உண்டு. கைக்குட்டை என்றதும் மூக்குத் துடைக்கும் சமாசாரத்தை நினைத்துவிடாதீர்கள். ஏறக்குறைய நம் துண்டு மாதிரி. தலையில் கட்டலாம், கழுத்தில் சுற்றலாம், நாலு மூலையையும் சேர்த்து முடிச்சுப் போட்டால் மூட்டை ஆகிவிடும். பழவேற்காட்டை ஆங்கிலத்தில் 'புலிகாட்' என்கிறார்கள். அந்தப் பெயரே அந்தக் கைக்குட்டைக்கு ஆகி, ஆங்கில அகராதியிலும் ஏறிவிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நெசவாளர்கள் இதைப் பார்த்து அதே பெயரில் நெய்து விற்றார்கள். ஊர் பேர் தெரியாத ஜனங்கள் எங்கேயோ இருந்துகொண்டு, பழவேற்காட்டின் பெயரைத் தாங்கிய துணியில் தங்கள் ரொட்டியை முடிந்துகொண்டு வேலைக்குப் போனார்கள் என்று நினைக்கும்போது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

கோட்டைக்கு வெளியே குப்பங்களில் துணி ஏது? அங்கே பனை. மீன் சுமக்கும் கூடை, கருவாடு கட்டும் பெட்டி, அரிசி புடைக்கும் முறம், படுக்கும் பாய் என்று அந்த மரம் கொடுக்காதது இல்லை. எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது பறி. இருளர் பெண்கள் இடுப்பளவு, மார்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். இரண்டு கையும் சேற்றுக்குள் இருக்கும். பிடித்ததை எதில் போடுவது? ஓலையில் முடைந்த சின்னப் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். பறி முகவாய்க்குக் கீழே தொங்கும். கையில் அகப்பட்ட இறால் நேரே அதற்குள். உலகத்தில் எத்தனையோ பைகள் உண்டு. வாயால் பிடித்துக்கொள்ளும் பையைக் கண்டுபிடித்தவர்கள் இவர்கள்தான் என்று நினைக்கிறேன்.

வலை பருத்தி நூல். மரப்பட்டைச் சாறில் போட்டுக் காய்ச்சி வெயிலில் உலர்த்துவார்கள், சீக்கிரம் மக்கிப் போகாமல் இருக்க. மிதப்பதற்கு லேசான கட்டை, அமிழ்வதற்குச் சுட்ட மண் குண்டு. ஒன்று அறுந்து ஏரியில் போனாலும் சில மாதங்களில் சேற்றோடு சேறு.

இதைச் சொல்லிவிட்டு, 'பார்த்தீர்களா, நம் முன்னோர் எவ்வளவு ஞானிகள்!' என்று ஆரம்பிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பருத்தி வலை பின்னியவர்கள் இல்லை. மக்கும் பொருள் என்றால் நம் கண் முன்னாலேயே மக்கும் என்று அர்த்தம். வலையைக் காய்ச்சுவதும் உலர்த்துவதும் தைப்பதுமாகப் பாதி ஆயுள் போகும். ஓலைக் கூடையில் மீன் சுமந்த பெண்ணின் கழுத்து வழியே மீன் தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருக்கும். ஆகவே 1935-ல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்ட நைலான், நம் கடற்கரைகளுக்கு வந்தபோது அதை யாரும் சாபமாக நினைக்கவில்லை. கேரளத்தில் 1952-ல் ஏற்பட்ட இந்திய-நார்வே திட்டம், கொல்லத்துக்கு அருகே நீண்டகரையில் நைலான் வலையைப் பழக்கியது. பிறகு அது எல்லாக் கரைகளுக்கும் பரவியது. இற்றுப் போகாத வலை! அறுந்து தண்ணீருக்குள் போன பிறகும் இற்றுப் போகாமல், ஆளில்லாமலே மீனைக் கொன்றுகொண்டிருக்கும் என்பது பின்னால் தெரிந்த சங்கதி.

அடுத்தாற்போல் தூரம் நீண்டது. 1960-களுக்குப் பிறகு நம் இறாலுக்கு ஜப்பானிலும் அமெரிக்காவிலும் கிராக்கி ஏற்பட்டது. அவ்வளவு தூரம் போகிற சரக்குக்கு ஓலை எந்த மூலைக்கு? ஐஸ் வந்தது, ஐஸுக்குப் பிளாஸ்டிக் கூடை வந்தது, தெர்மகோல் பெட்டி வந்தது. அந்தப் பெட்டி உடைந்தால் வெள்ளை வெள்ளையாக நுரை மாதிரி கரையில் ஒதுங்கும்.

பாலிதீன் 1933-ல் இங்கிலாந்தில், வேறு எதற்கோ செய்த பரிசோதனையில் தற்செயலாகக் கிடைத்த பொருள். அதில் கைப்பிடி வைத்த பையை வடிவமைத்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த ஸ்டென் குஸ்தாவ் தூலின். 1965-ல் அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. காகிதப் பைக்காக மரம் வெட்டுகிறார்களே என்பதுதான் அவருடைய கவலையாம். தம் பையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப உபயோகிப்பாராம்; ஜனங்கள் ஒரு தடவையோடு எறிவார்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை என்று அவருடைய மகன் சொல்லியிருக்கிறார். பாவம், நம்மைத் தெரியாத மனிதர்!

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல், ஒரு தடவை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது. பால், தயிர், எண்ணெய், மருந்து உறைகளுக்கு அப்போது விலக்கு. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசாங்கம் ஆரம்பித்தது. ஒரு காலத்தில் மஞ்சள் பையோடு ஒருவன் ரயிலிலிருந்து இறங்கினால் பட்டிக்காட்டான் என்று சினிமாவில் சிரிப்பு மூட்டுவார்கள். இன்று அதே பையைப் பட்டணத்துக்காரர் பெருமையாக மாட்டிக்கொண்டு போகிறார். இதில் ஒரு கணக்கு உண்டு. 2011-ல் பிரிட்டிஷ் சுற்றுச்சூழல் நிறுவனம் வெளியிட்ட ஓர் ஆய்வின்படி, புதிய பருத்திப் பையை 131 தடவையாவது உபயோகித்தால்தான், புவி வெப்பத்தைப் பொறுத்தமட்டில், ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு அது ஈடாகும். ஆகையால் கல்யாணத்துக்குக் கல்யாணம் வாங்கி வந்து பீரோவில் அடுக்குகிற துணிப்பையால் பிரயோஜனமில்லை. இருப்பதில் இரண்டை எடுத்து, செருப்பு விடும் இடத்துக்கு மேலே ஆணியில் மாட்டுங்கள். அங்கே இருந்தால்தான் ஞாபகம் வரும்.

மீன் வாங்க மூடி போட்ட எவர்சில்வர் தூக்குக்கு இணை கிடையாது. பழவேற்காட்டில் கூறு கட்டி விற்கிறவர்கள் உண்டு. அவர்களிடம் பாத்திரத்தின் எடை என்ன என்ற வழக்கே எழாது. பை மிச்சமான சந்தோஷத்தில் ஒரு பொடி மீன் சேர்த்துப் போடுவார்கள். வீட்டுக்கு வந்ததும் செதிலையும் குடலையும் கவரில் முடிந்து தெருத்தொட்டியில் போடாமல் முருங்கைக்கு அடியில் ஓர் அடி ஆழத்தில் புதைக்கலாம். கழுவிய தண்ணீர் தென்னைக்கு. இறால் தோலும் அப்படியே.

ஓலைக்கு வருகிறேன். பழவேற்காட்டில் முஸ்லிம் பெண்கள் பலர் கூடை முடைவதில் கெட்டிக்காரர்கள். குருத்தோலையைக் காய வைத்து, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலமாகக் கிழித்து, சாயத்தில் கொதிக்க வைத்து, ஈரம் காட்டி முடைய வேண்டும். விரலைப் பார்க்காமலே முடைந்துகொண்டிருந்த ஓர் அம்மாளிடம், மீன் வாங்குகிறவர்கள் இந்தக் கூடையை வாங்குகிறார்களா என்று கேட்டேன்.

"மீனுக்கு யாரு சார் வாங்குறாங்க? கல்யாணத்துல தாம்பூலம் போட்டுக் குடுக்கத்தான் மெட்ராஸ்லேருந்து வந்து வாங்கிட்டுப் போறாங்க. மீனுக்குத்தான் கவர் இருக்கே! பெரிய கூடைன்னா எனக்கு ஒரு நாள் ஓடிடும். கவரு சும்மா கெடைக்குது. நீங்களே சொல்லுங்க."

நான் என்ன சொல்வது? கூடைக்கு ஆகிற செலவில் பெரும் பகுதி அவருடைய ஒரு நாள். கவர் மிச்சம் பிடித்தது அந்த ஒரு நாளைத்தான். கவரை நாம் வேண்டாம் என்றால் அந்த நாளுக்கு யாராவது கூலி கொடுத்தாக வேண்டும். பழைய காலத்தில் கூலி கொடுக்காமலே பெண்கள் வீட்டில் அதைச் செய்தார்கள். அதனால்தான் ஓலை மலிவாக இருந்தது. குப்பையைக் குறைப்பது பற்றிப் பேசுகிற கூட்டங்களில் இந்தக் கணக்கை நான் கேட்டதில்லை.

மரத்துக்கும் கஷ்டம் உண்டு. 2021-ல் வேளாண்மைக்கென்று போட்ட பட்ஜெட்டின்போது, பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று அறிவித்தார்கள். நல்லதுதான், மரம் நிற்கும். குருத்தோலை இறக்க ஏறும் ஆளுக்கு எங்கே போவது?

"உங்கள் பெண்ணுக்கு இந்த வேலை தெரியுமா, அம்மா?" என்று கேட்டேன்.

"கண்ணை மூடிட்டு முடையும் சார். இப்போ கம்பெனி வேலைக்குப் போவுது. வேன் வந்து ஏத்திட்டுப் போயிடுது, மாசம் பொறந்தா சம்பளம். கூடையில மாசம் பொறந்தா வருமான்னு கேக்குது."

அவர் சொன்ன விலையைக் கொடுத்து ஒரு கூடை வாங்கிக்கொண்டு படகுத்துறைப் பக்கம் நடந்தேன்.