வெறும் வேடிக்கை என்றார் பார்லோ

214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. இரண்டை 31 முறை எழுதிப் பெருக்கி, ஒன்றைக் கழித்தால் கிடைப்பது. ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாத பகா எண் இது. சொல்வது எளிது, நிரூபிப்பதுதான் பாடு.

பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644இல் இவ்வகைப் பகா எண்களுக்கு ஒரு பட்டியல் போட்டார். 31ஆம் அடுக்கு அதில் இருந்தது. ஆனால் 67, 257 ஆகிய அடுக்குகள் தவறாக நுழைந்ததும், 61, 89, 107 விடுபட்டதும் வெகுகாலம் கழித்தே தெரிந்தன.

நேர்வழியில் போனால், இதன் வர்க்கமூலத்துக்குள், அதாவது 46,340 வரை, உள்ள 4,792 பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். கணித மேதை ஆய்லர் அப்படிச் செய்யவில்லை. இதற்குக் காரணி ஒன்று இருந்தால், அதை 248ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 மட்டுமே வரும் என்று கண்டார். அப்படிப்பட்ட எண்கள் 46,340க்குள் நானூறுகூட இல்லை. அவற்றிலும் பகா எண்களைச் சோதித்தால் போதும். எதுவும் வகுக்கவில்லை. பெர்னூலி குடும்பத்தவர் ஒருவருக்கு அவர் எழுதிய கடிதமாக 1772இல் இந்த நிரூபணம் வெளியானது. அப்போது பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த ஆய்லருக்குப் பார்வை ஏறக்குறைய போய்விட்டிருந்தது. இந்த எண்ணின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

முக்கால் நூற்றாண்டுக்கு மேல் இதை மிஞ்ச ஆளில்லை. இதற்கிடையில், இங்கிலாந்தின் வூலிச் ராணுவக் கல்விக்கூடத்தில் கணிதம் கற்பித்த பீட்டர் பார்லோ 1811இல் ஒரு ஆரூடம் சொன்னார். 6ஐத் தவிர அதன் மற்றக் காரணிகளான 1, 2, 3 மூன்றையும் கூட்டினால் 6 வருகிறதல்லவா, அதுபோன்ற முழுமை எண் ஒன்று இந்தப் பகா எண்ணிலிருந்தும் பிறக்கிறது. அதற்கு 19 இலக்கம். அதைவிடப் பெரியதை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்றார். இவை வெறும் வேடிக்கை, பயனில்லை, யார் மெனக்கெடுவார்கள்?

மெனக்கெட்டார்கள். 1876இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்கா 39 இலக்கப் பகா எண்ணை எட்டினார். 2024இல் கிடைத்தது நான்கு கோடி இலக்கத்தையும் தாண்டியது.

பழைய எண்ணோ கணினிக்குள் குடியேறியது. இரும முறையில் எழுதினால் இது வரிசையாக 31 ஒன்றுகள். 32 பிட்டில் ஒன்றைக் கூட்டல் கழித்தல் குறிக்கு ஒதுக்கிவிட்டால், எழுத முடிந்த மிகப்பெரிய எண் இதுவே. 'கங்னம் ஸ்டைல்' பாடலின் பார்வைகள் இதைத் தாண்டிவிட்டதாக 2014 டிசம்பரில் யூடியூப் அறிவித்தது. உள்ளதைச் சொன்னால், இந்த எல்லைக்கு அது பகா எண்ணாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

பகாத்தன்மைக்கு வேலை இருப்பது வேறிடத்தில். ஓர் எண்ணை 16,807ஆல் பெருக்கி, இதனால் வகுத்து, மீதியை மறுபடி பெருக்கிக்கொண்டே போனால் தாயக்கட்டை உருட்டியதுபோல எண்கள் விழும். இதற்குக் கீழுள்ள ஒவ்வோர் எண்ணையும் ஒருமுறை தொட்ட பிறகே தொடங்கிய இடத்துக்குத் திரும்பும். வகுப்பது பகா எண்ணாக இல்லாவிட்டால் இந்த முழுச்சுற்று கிடைக்காது.

1970 ஜனவரி 1 முதல் நொடிகளை 32 பிட்டில் எண்ணிவரும் பழைய கடிகாரங்கள், 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு இந்த எண்ணை அடையும். அடுத்த நொடி 1901 டிசம்பருக்குத் தாவும்.