சிலோன் மனோகரும் ஈழத்துப் பொப் இசையும்

1970 ஆம் ஆண்டளவில் யப்பானிய இசைக் கலைஞரிடையே ஒரு விவாதம் எழுந்தது. றொக் இசையைத் தாய்மொழியிற் பாட இயலுமா என்பதே அது. ஆங்கிலத்திற் பாடுவதே பொருத்தம் என்றார் றொக் பாடகர் யுயா உச்சிதா. 'ஹப்பி எண்ட்' குழுவினரோ யப்பானிய மொழியிலேயே பாடிக்காட்டினர். ஏறத்தாழ அதே காலத்தில், இதே வினாவுக்கு இலங்கைத் தமிழரும் விடைகண்டனர் என்பதை நம்மிற் பலர் மறந்துவிட்டோம்.

தமிழகத் திரைப்பாடலே இசை என்றிருந்த அன்றைய சூழலில், உரும்பிராய் நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' பாடலின் மூலம் யாழ்ப்பாணத்துப் பேச்சுமொழியை மேடையேற்றினார். அவ்வழியில் வந்து 'பொப் இசைச் சக்கரவர்த்தி' எனப் பெயர்பெற்றவர் ஏ. ஈ. மனோகரன். போர்த்துக்கேயர் காலத் தொடர்புகளில் வேர்கொண்டு, வொலி பஸ்தியன் போன்றோரால் சிங்களத்தில் வளர்ந்த பைலாவின் துள்ளலை அவர் தமிழுக்கும் உரித்தாக்கினார். 1970 களில் இந்தியத் திரைப்படங்களுக்கும் சஞ்சிகைகளுக்கும் விதிக்கப்பட்ட இறக்குமதிக் கட்டுப்பாடுகள், உள்ளூர்க் கலைகளுக்கு ஓரளவு இடமளித்தன என்பதையும் இங்கு குறிப்பிடல் வேண்டும். 1978 இல் வெளியான 'வாடைக்காற்று' என்ற ஈழத்துத் திரைப்படத்திலும் மனோகரன் நடித்தார்.

அவருக்கு அழியாப் புகழ் தந்தது 'சுராங்கனி'. சுராங்கனிக்கு மீன் கொண்டுவந்த கதையைச் சொல்லும் எளிய பாடல். 1977 இல் 'அவர் எனக்கே சொந்தம்' திரைப்படத்தின் வாயிலாக இளையராஜாவின் இசையில் அது தமிழகமெங்கும் பரவியது. அதுவரை பாக்கு நீரிணையைக் கடந்து இங்கு வந்துகொண்டிருந்த பாட்டு, அவ்வேளை எதிர்த்திசையிற் சென்றது.

பின்னர் மனோகரன் தமிழகத் திரைப்படங்களிலும் நடித்தார். 1972 இல் நாடு 'சிறீலங்கா' எனப் பெயர் மாறியபோதும், அங்கே அவர் 'சிலோன் மனோகர்' என்றே அறியப்பட்டார். 2018 ஜனவரியில் சென்னையிற் காலமானார்.

இவ்விசையை மலினமானது என ஒதுக்கிய பண்டிதர்கள் உண்டு. ஆயினும், 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் இயற்றப்பட்ட நாட்டில், சிங்களச் சொற்களைத் தமிழனும் தமிழ்ப் பாடகனின் குரலைச் சிங்களவனும் மனமுவந்து ஏற்றனர். சட்டமோ உடன்படிக்கையோ சாதிக்காத ஒன்றை ஒரு மீன்பாட்டு சாதித்தது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழரும் சிங்களவரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றனர். அவர்கள் சேர்ந்து பாடக்கூடிய பாடல்கள் எத்தனை உள்ளன? எண்ணிப் பார்த்தால், மனோகரனின் இடம் எதுவெனத் தெரியும்.