மணலிற் பிறந்த முறை

ஒரு பாடத்தை ஒரே வழியிற் கூறினால் அது வகுப்பிலுள்ள எல்லாப் பிள்ளைகளையும் சென்றடையாது என்பது கற்பிப்போர் யாவரும் அறிந்த உண்மை. அவ்வுண்மையை மேனாட்டார் ஒருவர்க்கு உணர்த்தியது சென்னைப் புறத்து நாட்டுப் பள்ளிக்கூடமொன்றின் மணல். அவ்வரலாற்றை ஈண்டுச் சிறிது நோக்குவோம்.

ஸ்கொத்லாந்து தேசத்தவரான அன்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் 1787-ம் ஆண்டிற் சென்னைக்கு வந்தார். 1789-ல் எழும்பூரிலே, படைவீரரின் அநாதைப் புதல்வர்க்கென அமைந்த விடுதிப் பள்ளியின் மேற்பார்வை அவர் கைக்கு வந்தது. அங்கே அரிச்சுவடி வகுப்பினர் எழுத்துக்களைக் கற்கமாட்டாது இடர்ப்பட்டனர். ஒருநாட் காலை பெல் குதிரைமீது செல்லுங்கால், நாட்டுப் பள்ளியொன்றிலே சிறுவர் நிலத்திலமர்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார்.

எம்மவர்க்கு இது புதுமையன்று. எழுத்தின் பெயரை வாய் சொல்லும். வடிவை விரல் வரையும். கண் அதனைத் தொடரும். பிழைத்தால் மணலைத் தடவி மீண்டும் எழுதலாம். ஏடும் தாளும் வீணாகா. பிழைக்கு அஞ்சவும் வேண்டியதில்லை.

இம்முறையைத் தம் பள்ளியிற் புகுத்த விரும்பினார் பெல். அங்கிருந்த துணையாசிரியர் இணங்கவில்லை. ஆகவே ஜோன் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் அவ்வகுப்பை ஒப்புவித்தார். ஆசிரியர்க்குக் கைகூடாதது அச்சிறுவனுக்குக் கைகூடிற்று. அண்மையிற் கற்றவனுக்கே கற்பதிலுள்ள இடர்ப்பாடு நன்கு தெரியும் அன்றோ? திண்ணைப் பள்ளியிற் சட்டாம்பிள்ளை செய்த தொண்டும் இதுவே.

1797-ல் இலண்டனில் பெல் இதுபற்றி நூலொன்று வெளியிட்டார். 'சென்னை முறை' என்னும் பெயர் பரவிற்று. ஜோசப் லங்காஸ்ரர் என்பாரும் இதனையொத்த முறையை இலண்டனில் நடத்தி, ஓர் ஆசிரியர் ஆயிரம் பிள்ளைகளையும் கற்பிக்கலாம் என்றார். செலவு குறைவாகையால் ஏழைப் பிள்ளைகட்குப் பள்ளிகள் பல எழுந்தன. இந்நன்மையை நாம் மறுத்தல் தகாது.

ஆனால் விளைந்த கேட்டையும் மறைத்தல் தகாது. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஒரே மண்டபத்தில், கட்டளைக்கு எழுந்தும் இருந்தும், பாடங்களை ஒப்பித்தனர். பொருளுணர்ச்சி பின்னிற்க, மனப்பாடம் முன்னின்றது. 1816-ல் பெல் சுவிற்சர்லாந்து சென்று, சொல்லுக்கு முன் பொருளைக் காட்டுக என்ற பெஸ்ரலோசியின் பள்ளியைப் பார்வையிட்டார். எனினும் தம் முறையே சிறந்ததென்னும் எண்ணம் அவரை விட்டகலவில்லை. எழும்பூரிற் புதுவழி தேடிய மனம், தான் கண்ட வழியிலேயே நின்றுவிட்டது.

பெல் 1832-ல் மறைந்தார். அவர் பிறந்த சென்ற் அன்ட்ரூஸ் நகரில் 'மட்ராஸ் கல்லூரி' என்னும் பாடசாலை இன்றும் உண்டு. அப்பெயர் எமக்கு உணர்த்துவது யாது? எழும்பூரிற் பயன் தந்தது மணல் மாத்திரமன்று. பிள்ளைக்கு விளங்காதபோது பிள்ளையைப் பழியாது வழியை மாற்றிய செயலே பயன் தந்தது. எம்மிற் பலர் நாளை ஆசிரியராவோம். கடைசி வாங்கிலிருக்கும் பிள்ளை விழிக்கும்போது, அதே வாக்கியத்தை உரத்த குரலிற் கூறுவதை விடுத்து, வேறொரு வழியை நாடுவோமாக.